விமானத்துக்குள் 'அழுக்கு சாக்ஸ்' நாற்றம் வந்தால் என்ன அர்த்தம்? நாம் சுவாசிக்கும் காற்று இன்ஜினில் இருந்து வருகிறது, தெரியுமா?

திருச்சி எடமலைப்பட்டி புதூரில் இருந்து விமான நிலையம் ஒன்றும் தூரமில்லை. ஆட்டோ பிடித்தால் அரை மணி நேரம், டிராஃபிக் இருந்தால் கொஞ்சம் கூட ஆகும். சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய், ஷார்ஜா, கொழும்பு என்று வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு அந்தப் பாதை மனப்பாடம். லக்கேஜ் எடை, இமிகிரேஷன் வரிசை, கனெக்டிங் ஃபிளைட் என்று ஆயிரம் கவலை இருக்கும். உள்ளே போய் உட்கார்ந்ததும் சுவாசிக்கப் போகும் காற்றைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

கதவு மூடி, இன்ஜின் ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் சில சமயம் ஒரு வாடை வரும். ரெண்டு நாள் துவைக்காத சாக்ஸ் மாதிரி, மழையில் நனைந்த நாய் மாதிரி, காயாத துணியை மடித்து வைத்த அலமாரி மாதிரி. பக்கத்து சீட்காரர் ஷூவைக் கழற்றிவிட்டாரோ என்று குனிந்து பார்ப்போம். பெரும்பாலும் அவர் கழற்றித்தான் இருப்பார். ஆனா எப்போதாவது ஒருமுறை அந்த வாடைக்குக் காரணம் யாருடைய காலும் இல்லை. இன்ஜினுக்குள் இருக்கும் எண்ணெய்.

விமானத் துறையில் இதற்கு 'ஃபியூம் ஈவென்ட்' என்று பெயர். கேபின் காற்றில் எண்ணெய்ப் புகையோ வேறு ரசாயன ஆவியோ கலந்துவிடும் சம்பவம். இது உடம்புக்குக் கெடுதலா, எவ்வளவு கெடுதல், யாருக்குக் கெடுதல் என்பதில் உலகம் முழுக்க பல வருடமாகச் சண்டை நடக்கிறது. இந்தியாவிலும் நடந்திருக்கிறது. இந்தக் கதையில் வரும் ரசாயனத்துக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் ஒரு பழைய, சோகமான தொடர்பும் இருக்கிறது.

முதல்ல, காற்று எங்கிருந்து வருது?

விமானத்தில் பெரிய ஆக்சிஜன் சிலிண்டர் வைத்திருப்பார்கள், அதில் இருந்துதான் காற்று வருகிறது என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 35,000 அடி உயரத்தில் வெளியே காற்று இருக்கிறது. ஆனால் மெலிந்து போய், மைனஸ் 50 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்கும். அதை அப்படியே உள்ளே விட்டால் சில நிமிடத்தில் எல்லோரும் மயங்கிவிடுவோம். அதை அழுத்திச் சூடாக்கி உள்ளே அனுப்ப வேண்டும்.

அழுத்துகிற வேலையை இன்ஜின் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறது. ஜெட் இன்ஜினின் முன்பக்கம் காற்றை இழுத்து, பல அடுக்குச் சக்கரங்களால் அழுத்தி, அதன் பிறகுதான் எரிபொருளோடு சேர்த்து எரிக்கும். எரிவதற்கு முந்தைய கட்டத்தில், அழுத்தப்பட்ட காற்றில் ஒரு பங்கை குழாய் போட்டுத் திருப்பிவிடுகிறார்கள். இதுதான் 'பிளீட் ஏர்'. 200 டிகிரிக்கும் மேலே சூடாக இருக்கக்கூடிய அந்தக் காற்று, விமானத்தின் வயிற்றுப் பகுதியில் உள்ள 'பேக்' எனப்படும் ஏசி இயந்திரங்களில் குளிர்ந்து கேபினுக்கு வருகிறது. உள்ளே ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் காற்றோடு ஏறக்குறைய பாதிக்குப் பாதி கலக்கிறது. வானத்தில் நாம் உட்கார்ந்திருப்பது 6,000 முதல் 8,000 அடி உயரத்துக்குச் சமமான காற்றழுத்தத்தில். சுலபமாகச் சொன்னால், கொடைக்கானலில் இருப்பது போல.

இந்த அமைப்பு எவ்வளவு முக்கியம் என்பது 2018 செப்டம்பர் 20 அன்று தெரிந்தது. மும்பையில் இருந்து ஜெய்ப்பூருக்குக் கிளம்பிய ஜெட் ஏர்வேஸ் போயிங் 737 விமானத்தில் பிளீட் ஏர் சுவிட்சை ஆன் செய்யாமலே மேலே ஏறிவிட்டார்கள். கேபினில் அழுத்தம் குறைந்தது. 166 பயணிகளில் 30-க்கும் மேற்பட்டவர்களுக்கு மூக்கிலும் காதிலும் ரத்தம் கசிந்தது. விமானம் மும்பைக்கே திரும்பியது. அங்கே காற்று அசுத்தமாகவில்லை, வரவே இல்லை. ஆனால் நாம் சுவாசிப்பது இன்ஜின் தரும் காற்று என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சம்பவம் இல்லை.

"ஹெப்பா ஃபில்டர் இருக்கே, அது சுத்தம் பண்ணாதா?" கொரோனா காலத்தில் விமான நிறுவனங்கள் இதைத்தான் பெரிதாகச் சொன்னார்கள். சொன்னது சரிதான். தூசி, பாக்டீரியா, வைரஸ் துகள்களை ஹெப்பா ஃபில்டர் 99.97 சதவீதம் வரை பிடித்துவிடும். ஆனால் ரெண்டு விஷயம். ஒன்று, அந்த ஃபில்டர் இருப்பது கேபினுக்குள் சுற்றும் பழைய காற்றின் வழியில். இன்ஜினில் இருந்து வரும் புதுக் காற்று பெரும்பாலான விமானங்களில் ஃபில்டர் இல்லாமலே உள்ளே வருகிறது. இன்னொன்று, ஹெப்பா துகளைப் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. கொசுவலை கொசுவைத் தடுக்கும், கொசுவத்திப் புகையைத் தடுக்காது இல்லையா, அந்த மாதிரி.

எண்ணெய் எப்படி உள்ளே நுழைகிறது?

இன்ஜினில் சுழலும் தண்டுகளைத் தாங்கும் பேரிங்குகளுக்கு எண்ணெய் வேண்டும். அந்த எண்ணெய் காற்றுப் பாதைக்குள் போகாமல் தடுக்க சீல்கள் இருக்கின்றன. நம் வீட்டு மிக்ஸி ஜாரின் அடியில் இருக்கும் வாஷர் மாதிரி கெட்டியாக அடைக்கும் சீல் இல்லை அது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழலும் இடத்தில் அப்படி அடைக்க முடியாது. காற்றழுத்தத்தை வைத்துத்தான் எண்ணெயை உள்பக்கமே தள்ளி வைத்திருக்கிறார்கள். இன்ஜின் ஒரே சீராக ஓடும்வரை பிரச்சினை இல்லை. ஸ்டார்ட் செய்யும்போது, பவரை ஏற்றும்போது, தரையிறங்க ஆரம்பிக்கையில் சட்டென்று குறைக்கும்போது அந்த அழுத்தச் சமநிலை கொஞ்சம் ஆடும். அப்போது மிகச் சிறிய அளவு எண்ணெய் தப்பிக்கலாம். சீல் தேய்ந்திருந்தால் கூடுதலாகவே தப்பிக்கும்.

டவுன் பஸ்ஸில் இன்ஜினுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்களுக்கு இது புரியும். வண்டி ஓடும்போது தெரியாத வாடை, ஸ்டாப்பில் நின்று கிளம்பும்போது முகத்தில் அடிக்கும்.

இன்னொரு வழியும் உண்டு. விமானத்தின் வால் பகுதியில் 'ஏபியு' என்று ஒரு குட்டி இன்ஜின் இருக்கிறது. தரையில் நிற்கும்போது மின்சாரமும் ஏசியும் தருவது பெரும்பாலும் அதுதான். அதன் சீல் கசிந்தாலும், அருகே சிந்திய ஹைட்ராலிக் திரவத்தை அது உறிஞ்சினாலும், அந்த வாடை நேராக கேபினுக்குப் போகும்.

ஹைட்ராலிக் என்ற வார்த்தை திருச்சிக்குப் புதிதில்லை. 2024 அக்டோபர் 11 மாலை, ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஹைட்ராலிக் கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வட்டமடித்துவிட்டு, 141 பயணிகளோடு பத்திரமாகத் திருச்சியிலேயே தரையிறங்கியது. ஊரே வானத்தை அண்ணாந்து பார்த்த சாயங்காலம் அது. அந்தச் சம்பவத்துக்கும் கேபின் காற்றுக்கும் தொடர்பில்லை. சக்கரம், இறக்கை மடிப்புகளை இயக்கும் அந்தத் திரவமும் ஆவியாகிக் காற்றில் கலந்தால் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் என்பதற்காகத்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஏசி துவாரத்தில் வெள்ளையா புகை வருதே?

இது வேற, குழப்பிக்கொள்ள வேண்டாம். திருச்சி, சென்னை மாதிரி ஈரப்பதம் உள்ள ஊரில் விமானத்தில் ஏறியதும், தலைக்கு மேலே இருந்து வெள்ளையாகப் புகை கொட்டுவதைப் பார்த்து சிலர் பதறிப்போகிறார்கள். செல்போனில் வீடியோ எடுத்து, 'விமானத்தில் புகை' என்று போட்டுவிடுகிறார்கள். அது தண்ணீர். வெளியே இருக்கும் ஈரமான காற்று சட்டென்று குளிரும்போது பனிமூட்டமாக மாறுகிறது, ஃப்ரீசர் கதவைத் திறந்தால் வருவது போல. அதற்கு வாடை இருக்காது. சில நிமிடத்தில் மறைந்துவிடும்.

பார்க்க வேண்டியது நிறத்தை இல்லை, வாடையை. சாக்ஸ், ஈர நாய் வாடை என்றால் இன்ஜின் எண்ணெயாக இருக்கலாம். ஜெட் எண்ணெய் சூட்டில் சிதையும்போது உண்டாகும் அமிலங்களுக்கு அந்த நாற்றம் உண்டு. மூக்கைக் குத்தும் காரமான வாடை என்றால் ஹைட்ராலிக் திரவம். பிளாஸ்டிக் கருகும் வாடை என்றால் மின் கோளாறு. கடைசியாகச் சொன்னது வந்தால் ஒரு நொடியும் தாமதிக்காமல் பணியாளரிடம் சொல்ல வேண்டும். முன்னால் நிற்கும் இன்னொரு விமானத்தின் புகை உள்ளே வந்து மண்ணெண்ணெய் வாடை அடிப்பதும் உண்டு. நகர்ந்ததும் போய்விடும்.

இந்தியாவில் நடந்திருக்கா?

2022 அக்டோபர் 12 இரவு, கோவாவில் இருந்து ஹைதராபாத் போய்க்கொண்டிருந்த ஸ்பைஸ்ஜெட் விமானம். கியூ400 என்ற புரொபெல்லர் ரகம். தரையிறங்குவதற்கு முன்னால் காக்பிட்டிலும் கேபினிலும் புகை சூழ்ந்தது. உள்ளே 86 பயணிகள். ஹைதராபாத்தில் இறங்கி அவசர அவசரமாக எல்லோரையும் வெளியேற்றினார்கள். இறங்கும்போது ஒருவருக்கு லேசான சிராய்ப்பு. அதே ஆண்டு ஜூலை 2 அன்று, டெல்லியில் இருந்து ஜபல்பூர் கிளம்பிய அதே ரக ஸ்பைஸ்ஜெட் விமானத்திலும் 5,000 அடியைத் தாண்டும்போது கேபினில் புகை வந்து, டெல்லிக்கே திரும்பியது.

அக்டோபர் சம்பவத்தை விசாரித்த விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டிஜிசிஏ, காரணத்தைத் தெளிவாகச் சொன்னது. இன்ஜினின் பிளீட்-ஆஃப் வால்வில் இன்ஜின் எண்ணெய் இருந்தது. அது ஏசி அமைப்புக்குள் போனதால்தான் கேபினில் புகை. அந்த ரகத்தில் பறந்துகொண்டிருந்த 14 விமானங்களின் 28 இன்ஜின்களிலும் 15 நாளுக்கு ஒருமுறை எண்ணெய் மாதிரி எடுத்து, கனடாவில் உள்ள இன்ஜின் தயாரிப்பாளரின் ஆய்வகத்துக்கு அனுப்ப உத்தரவு போட்டது. உலோகத் துகளோ, சீலில் இருந்து உதிர்ந்த கார்பன் துகளோ எண்ணெயில் இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

'இன்ஜின் எண்ணெய் கேபினுக்குள் வருமா, சும்மா புரளியா?' என்று கேட்பவர்களுக்கு இந்திய அரசு அமைப்பே தந்த பதில் இது. ஆனால் அப்போதும் பேச்செல்லாம் விமானத்தின் பாதுகாப்பைப் பற்றித்தான். உள்ளே அந்தப் புகையைச் சுவாசித்தவர்களின் உடம்பைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை.

அந்த எண்ணெயில் அப்படி என்ன இருக்கு?

ஜெட் இன்ஜின் எண்ணெய் சாதாரண வண்டி ஆயில் இல்லை. பயங்கரச் சூட்டைத் தாங்கும் செயற்கை எண்ணெய். உலோகம் தேயாமல் இருக்க அதில் டிரைகிரெசைல் பாஸ்பேட், சுருக்கமாக டிசிபி, சுமார் 3 சதவீதம் சேர்ப்பது வழக்கம். சண்டை முழுக்க இதைச் சுற்றித்தான். ஆர்கனோபாஸ்பேட் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் வயல்களில் அடிக்கும் பல பூச்சிக்கொல்லிகளுக்குச் சொந்தக்காரன். டிசிபியில் பல வகைகள் உண்டு. அதில் 'ஆர்த்தோ' வகை நரம்புகளைச் சிதைக்கும் என்பது ஏறக்குறைய நூறு ஆண்டுக்கு முன்பே நிரூபணமானது. உடனே ஒன்றும் தெரியாது. ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துக் காலும் கையும் வலுவிழக்கும்.

1930-ல் அமெரிக்காவில் இஞ்சிச் சாறு மது ஒன்றில் இது கலந்து பல்லாயிரம் பேர் நடக்க முடியாமல் போனார்கள். 1959-ல் மொராக்கோவில், அமெரிக்க விமானத் தளத்தில் மிஞ்சிய ஜெட் இன்ஜின் எண்ணெயையே சமையல் எண்ணெயோடு கலந்து விற்றார்கள். ஏறத்தாழ 10,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். 1988-ல் கொல்கத்தாவின் பெஹாலா பகுதியில் சமையல் எண்ணெயில் டிசிபி கலந்து நூற்றுக்கணக்கானோர் முடங்கினார்கள்.

இடையில் 1977-78-ல் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் நடந்தது தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமானது. திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம் இருந்தெல்லாம் போய்த் தோட்டங்களில் குடியேறிய மலையகத் தமிழ்க் குடும்பங்கள். அங்கே 20-க்கும் மேற்பட்ட பெண் பிள்ளைகளுக்குத் திடீரென்று கை கால் விழுந்துபோனது. எல்லோரும் வயதுக்கு வந்த பிள்ளைகள். தம்பி, அண்ணன், அப்பா யாருக்கும் ஒன்றுமில்லை. ஏன் இவர்களுக்கு மட்டும்?

பதில் நல்லெண்ணெயில் இருந்தது. வயதுக்கு வந்த பிள்ளைக்கு இடுப்புக்கு பலம் என்று நல்லெண்ணெயும் முட்டையும் கொடுப்பது நம் வீடுகளிலும் உள்ள வழக்கம்தானே. அந்த நல்லெண்ணெயில் டிசிபி கலந்திருந்தது. முன்பு மினரல் ஆயில் வைத்திருந்த டின்களில் அதை ஏற்றி வந்தபோது கலந்திருக்கலாம் என்று, சேனநாயக்க, ஜெயரத்னம் என்ற இரு ஆய்வாளர்கள் 1981-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்கள். பிள்ளைக்கு நல்லது என்று தாய் ஊற்றிக் கொடுத்த எண்ணெய் அது.

இங்கே ஒன்றைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பிள்ளைகள் விஷத்தை வயிற்றுக்குள் விழுங்கினார்கள். விமானக் காற்றில் அளந்து பார்த்தபோது கிடைக்கும் டிசிபி அதோடு ஒப்பிட்டால் தூசி கூட இல்லை. ஒரு கன மீட்டர் காற்றில் மைக்ரோகிராம் கணக்கு, பெரும்பாலும் அதற்கும் கீழே. இப்போதைய எண்ணெய்களில் அந்த ஆபத்தான ஆர்த்தோ வகையையும் வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். அதனால் 'விமானத்தில் ஏறினால் கை கால் விழுந்துடும்' என்று யாராவது ஃபார்வர்டு அனுப்பினால் நம்ப வேண்டியதில்லை. அந்த ரசாயனத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்குத்தான் மலையகம் சாட்சி.

டிசிபி மட்டுமே பிரச்சினையும் இல்லை. எண்ணெய் கருகும்போது கார்பன் மோனாக்சைடு, ஃபார்மால்டிஹைடு, கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் எல்லாம் சேர்ந்து வருகின்றன. இந்தக் கலவையை மொத்தமாகச் சுவாசித்தால் என்ன ஆகும் என்பதுதான் ஆய்வாளர்களின் இன்றைய கேள்வி.

ஒரு தடவை சுவாசித்துவிட்டால் என்ன ஆகும்?

கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு, இருமல், தலைவலி, தலைசுற்றல், குமட்டல், வாயில் உலோகச் சுவை. இவைதான் பொதுவாகச் சொல்லப்படும் அறிகுறிகள். பெரும்பாலானவர்களுக்குச் சில மணி நேரத்தில், அதிகம் போனால் சில நாளில் சரியாகிவிடும். ஆஸ்துமா இருப்பவர்களுக்குச் சிரமம் கூடுதலாக இருக்கும். தலைவலிக்கும் தொண்டை வறட்சிக்கும் வேறு சாதாரணக் காரணங்களும் உண்டு. கேபினில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போகும், காற்றழுத்தம் குறைவு, முந்தின இரவு தூக்கமும் இருக்காது. ஆகவே இறங்கியதும் தலை வலித்தால் அது எண்ணெய்தான் என்று முடிவு கட்டிவிட முடியாது.

இது எவ்வளவு அடிக்கடி நடக்கிறது? பிரிட்டன் அரசின் நச்சியல் ஆலோசனைக் குழு 2007-ல் பார்த்தபோது, விமானிகள் சொன்ன கணக்கு 100 பயணத்தில் ஒன்று. பொறியாளர்கள் சோதித்து உறுதி செய்தது 2,000 பயணத்தில் ஒன்று. இந்த இடைவெளியே ஒரு பெரிய செய்தி. வாடை வந்துபோன பிறகு விமானத்தைச் சோதித்தால் பல நேரம் ஒன்றும் சிக்காது. எண்ணெய்ப் புகையைக் கண்டுபிடிக்கும் சென்சார் விமானங்களில் கட்டாயமில்லை. மனுஷ மூக்குதான் சென்சார்.

பயணியைவிட அதிகம் பாதிக்கப்படுவது யார்?

வளைகுடாவில் வேலை பார்க்கும் ஒருவர் ரெண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வந்து போனால், போக வர எட்டு, ஒன்பது மணி நேரம் விமானத்தில் இருப்பார். ஒரு விமானி ஆண்டுக்கு 1,000 மணி நேரம் வரை பறக்க இந்திய விதி அனுமதிக்கிறது. பணிப்பெண்களும் பணியாளர்களும் அதே காற்றில்தான், அதுவும் நின்றுகொண்டும் நடந்துகொண்டும் வேலை செய்கிறார்கள். விமானப் பணிக்கான பயிற்சி மைய விளம்பரங்கள் இப்போது மாவட்டத் தலைநகரம் வரை வந்துவிட்டன. மாநகரத்துப் பிள்ளைகள் மட்டும் போகும் வேலை இல்லை இது. அந்த விளம்பரங்களில் கேபின் காற்றைப் பற்றி ஒரு வரி இருக்காது.

ஆஸ்திரேலியாவில் ஜோவன் டர்னர் என்ற விமானப் பணிப்பெண், 1992-ல் பிஏஇ 146 ரக விமானம் தரையிறங்கும்போது சூழ்ந்த புகையைச் சுவாசித்தார். அதன் பிறகு இருமல் நிற்கவே இல்லை. வழக்குப் போட்டார். எண்ணெய்ப் புகையால் நுரையீரல் பாதிக்கப்பட்டது என்று 2009-ல் தீர்ப்பாயம் ஏற்று இழப்பீடு வழங்கியது. விமான நிறுவனம் மேல்முறையீடு செய்து, 2010-ல் அந்நாட்டு உயர் நீதிமன்றத்தில் அது முடிவுக்கு வந்தது, டர்னர் பக்கமே. கிளம்பியதில் இருந்து கரை சேர 18 வருடம். அதே ரக விமானத்தின் காற்றைப் பற்றி ஆஸ்திரேலிய செனட் தனியாக விசாரணையே நடத்தி 2000-ல் அறிக்கை தந்தது.

விமானியே தடுமாறினால் அது எல்லோருடைய உயிர்ப் பிரச்சினை. 1999 நவம்பரில் சுவீடனில் ஸ்டாக்ஹோமில் இருந்து மால்மோ போன, அதே பிஏஇ 146 ரக விமானத்தில் இரண்டு விமானிகளுக்கும் கிட்டத்தட்ட மயக்கம் வந்துவிட்டது. ஆக்சிஜன் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு பத்திரமாக இறக்கினார்கள். அசுத்தமான கேபின் காற்றே காரணமாக இருக்கலாம் என்றது விசாரணை. 2024 டிசம்பர் 23 அன்று புக்கரெஸ்டில் இருந்து சூரிச் போன சுவிஸ் நிறுவன விமானம், இன்ஜின் கோளாறால் கேபின் முழுக்கப் புகையோடு ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் இறங்கியது. அதில் இருந்த இளம் பணியாளர் ஒருவர் ஒரு வாரத்தில் மருத்துவமனையில் இறந்தார். இது மிக அபூர்வம். வாடை வந்துபோகும் வழக்கமான சம்பவத்தோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது.

அப்புறம் ஏன் இன்னும் முடிவாகவில்லை?

விமானப் பணியாளர்கள் சொல்லும் நீண்ட கால மறதி, சோர்வு, கை நடுக்கம் போன்றவற்றைச் சேர்த்து 'ஏரோடாக்ஸிக் சிண்ட்ரோம்' என்று சில ஆய்வாளர்கள் 1999-ல் பெயர் வைத்தார்கள். இன்றுவரை அது நோய்ப் பட்டியலில் அதிகாரப்பூர்வமாக இல்லை. பிரிட்டனின் கிரான்ஃபீல்ட் பல்கலைக்கழகம் 100 விமானப் பயணங்களில் காற்றை அளந்து, எந்த ரசாயனமும் பாதுகாப்பு வரம்பைத் தாண்டவில்லை என்று 2011-ல் சொன்னது. விமான நிறுவனங்கள் எப்போதும் காட்டுவது இந்த ஆய்வைத்தான். ஆனால் அந்த 100 பயணங்களில், முறையாகப் புகார் எழுதும் அளவுக்கு ஒரு ஃபியூம் ஈவென்ட் கூட நடக்கவில்லை. வெள்ளம் வராத வருடத்தில் காவிரியை அளந்துவிட்டு, கரை பத்திரமாக இருக்கிறது என்று சொல்வது போலத்தான் இது. ஆய்வு பொய் இல்லை. கேட்ட கேள்விக்கான பதில் அதில் இல்லை.

அதற்காகப் பணியாளர்கள் சொல்லும் எல்லா நோய்க்கும் எண்ணெய்தான் காரணம் என்றும் ஆகிவிடாது. இரவு ஷிஃப்ட், நேர மாற்றம், தூக்கமின்மையும் அதே அறிகுறிகளைத் தரும். புகை வந்த நேரத்திலேயே காற்றை அளக்கக் கருவி இருந்திருந்தால் இந்தச் சண்டையில் பாதி எப்போதோ தீர்ந்திருக்கும்.

செய்ய முடியாத காரியமும் இல்லை. 2011-ல் சேவைக்கு வந்த போயிங் 787 டிரீம்லைனர், கேபின் காற்றை இன்ஜினில் இருந்து எடுப்பதே இல்லை. தனியாக மின்சார கம்ப்ரஸர் வைத்து வெளிக்காற்றை இழுக்கிறது. எரிபொருள் சிக்கனத்துக்காகச் செய்தோம் என்கிறது போயிங். திருச்சியில் நாம் அதிகம் ஏறும் போயிங் 737, ஏர்பஸ் ஏ320 ரகங்களும், சென்னைக்குப் பறக்கும் ஏடிஆரும் பழைய பிளீட் ஏர் முறைதான். டிசிபி இல்லாத ஜெட் எண்ணெய்களும் சந்தையில் உண்டு. அமெரிக்காவின் டெல்டா நிறுவனம் 300-க்கும் மேற்பட்ட ஏ320 குடும்ப விமானங்களில் ஏபியுவையே மாற்றிவருவது 2025-ல் செய்தியானது. பணம் செலவழித்தால் குறைக்கலாம் என்பதுதான் இதில் தெரிவது.

சரி, நாற்றம் வந்தால் என்ன செய்யணும்?

முதலில் பணியாளரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். 'ஸ்மெல் வருது' என்று மட்டும் இல்லாமல், எந்த மாதிரி வாடை, எப்போது ஆரம்பித்தது என்று சொன்னால் காக்பிட்டுக்கு உதவும். எந்தப் பேக்கில் இருந்து வருகிறது என்று பார்த்து அதை நிறுத்த விமானிகளுக்கு வழி இருக்கிறது. சத்தம் போடுவதாலும் எழுந்து ஓடுவதாலும் பயனில்லை.

"மேலே இருந்து ஆக்சிஜன் மாஸ்க்கை ஏன் விடலை?" என்று பயணிகள் கோபப்படுவது உண்டு. அது காற்றழுத்தம் குறையும்போது உதவத்தான். அந்த மாஸ்க் ஆக்சிஜனோடு கேபின் காற்றையும் சேர்த்தே தரும். புகை இருந்தால் புகையும் உள்ளே போகும். விமானிகளின் மாஸ்க் வேறு ரகம், அதில் முழு ஆக்சிஜன் வரும். நாம் போடும் துணி மாஸ்க், சர்ஜிக்கல் மாஸ்க், என்95 எதுவும் ஆவியைத் தடுக்காது.

இறங்கிய பிறகும் தலைசுற்றல், குழப்பம், மூச்சுத் திணறல் இருந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து பார்த்துக்கலாம் என்று விட வேண்டாம். ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறதா என்று பார்க்கும் 'கார்பாக்ஸிஹீமோகுளோபின்' பரிசோதனை சீக்கிரம் செய்தால்தான் எதையாவது காட்டும். சாதாரணக் காற்றைச் சுவாசித்தாலே நாலைந்து மணி நேரத்தில் அந்த அளவு பாதியாகிவிடும். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை நம்பவும் முடியாது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் அது நல்ல ரத்தம் என்றே காட்டும். டாக்டரிடம் 'ஃபிளைட்டில் வந்தேன், தலைவலி' என்று சொன்னால் மாத்திரையோடு அனுப்பிவிடுவார். 'ஃபிளைட்டில் எண்ணெய்ப் புகை வந்தது' என்று சேர்த்துச் சொல்லி, சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். இப்படி வருபவர்களுக்கு என்னென்ன பரிசோதனை செய்யலாம் என்று மருத்துவர்களுக்கான வழிகாட்டி ஒன்று 2023-ல் 'என்விரான்மென்டல் ஹெல்த்' என்ற ஆய்விதழில் வெளியாகியிருக்கிறது.

போர்டிங் பாஸை எறிந்துவிடாதீர்கள். தேதி, விமான எண், சீட் எண், வாடை வந்த நேரம், பக்கத்தில் யார் யாருக்குத் தொந்தரவு இருந்தது என்பதை போனில் ஒரு குறிப்பாக எழுதி வையுங்கள். விமான நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். மத்திய அரசின் 'ஏர்சேவா' தளத்திலும் செயலியிலும் பதிவு செய்யலாம். சர்வதேசப் பயணத்தில் உடல் பாதிப்புக்கு இழப்பீடு கேட்பது மான்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் வரும். இந்தியா 2009-ல் அதில் சேர்ந்தது. வழக்குப் போட இரண்டு வருடம்தான் கெடு.

ஷார்ஜாவிலோ சிங்கப்பூரிலோ இறங்கி, ஏஜென்ட் அனுப்பிய வேனில் நேராக கேம்ப்புக்குப் போய், மறுநாள் காலை ஷிஃப்ட்டுக்கு நிற்க வேண்டியவருக்கு இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். குறைந்தபட்சம், வீட்டுக்குப் பேசும்போது விமான எண்ணையும் நடந்ததையும் சொல்லி வைக்கலாம். எடமலைப்பட்டி புதூரில் உட்கார்ந்திருக்கும் தம்பியோ மகளோ போனில் அந்தப் புகாரைப் பத்து நிமிடத்தில் பதிவு செய்துவிட முடியும்.